கயிறு கட்டிய இடம்

விஜிலாவின் வலது கை மகனின் தொடையைத் தூக்கிப் பிடித்திருந்தது. இடது கை, இடுப்புக்குக் கீழே இருந்த புண்ணை மருந்துத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தது. தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது இது. விஜிலாவுக்கு எதையும் ஒருமுறை சொன்னால் போதும். புண் நேற்றைவிடப் பெரிதாகவில்லை, வாடையும் இல்லை. அந்தக் காலைக்கு அது போதுமான நல்ல செய்தி.

முற்றத்தில் கனமான இரும்பை இறக்கும் சத்தம் கேட்டது. சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்த ஜாய்சன் காதைத் தீட்டினான்.

"வந்துட்டாம்மா?"

"எது?"

"டிராக்டர் முன் ஆக்சில்."

"வந்துட்டு. மெக்கானிக் காசிலிங்கம் லோடு ஆட்டோவுல கொண்டாந்து எறக்குதாரு. நீ அசையாம கெட."

"நான் எங்கன அசையப் போறேன்."

அவன் சிரித்தான். அவள் பஞ்சைக் குப்பைக் கவரில் போட்டுவிட்டுப் புதுத் துணியை வைத்து ஒட்டினாள். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று, குதிகால் கட்டிலில் படாமலிருக்கக் கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. இன்னும் இரண்டு மணி நேரத்தில் மறுபக்கம் திருப்ப வேண்டும். ஒரு வருஷமாக அவளுடைய பகலும் இரவும் இந்தத் திருப்புதல்களால்தான் நகர்ந்தன.

விஜிலா பிறந்தது புன்னைக்காயலில். அங்கே தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் வள்ளங்கள் ஆற்றுக்குள் வந்து சாதுவாக நிற்கும். வாக்கப்பட்டு வந்த ஊரில் ஆறு கிடையாது. திறந்த கடலும் மேடான மணலும்தான். கரைக்கு வந்த வள்ளத்தை அலை அடித்து உடைத்துவிடாமல் மணல்மேட்டுக்கு இழுத்து ஏற்றியாக வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து, "உங்க ஊர்ல கடலைவிட கரைதான் பெரிய வேலை போல" என்று சொல்லி மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கணவர் இனிகோ அப்போது தோணியில் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகிற ஆள். ஒரு பயணத்தில் சரக்கு சரிந்து அவருடைய இடது முட்டி உடைந்தது. பிறகு அவர் தோணி ஏறவில்லை. விஜிலா கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் சந்தைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். அங்கே வாடிக்கையாகக் கருவாடு வாங்குகிற லிங்கராஜ் என்ற விவசாயியின் தொழுவத்தில் ஒரு பழைய டிராக்டர் சும்மா நின்றது. வள்ளம் இழுக்க ஆள் கிடைக்காமல் ஊரே திண்டாடிக்கொண்டிருந்த நேரம். அவள்தான் விலை கேட்டாள்.

"மணல்லயா இழுக்கப் போறிய?" என்று லிங்கராஜ் சந்தேகமாகக் கேட்டார். "இது வயக்காட்டுச் சேத்துல பழகுன வண்டி, தாயீ."

"பழக்குனா பழகிரும் அண்ணாச்சி. நான் பழகலையா?"

அப்படித்தான் அந்த டிராக்டர் கடற்கரைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தது விஜிலாதான். பின்னால் நடந்ததற்கெல்லாம் பிறகும் இதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. அவளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்ட இரண்டு இடம் உண்டு. கீழே, சக்கர அச்சுக்குத் தாழ்வாக ஒரு கட்டை. மேலே, சீட்டுக்குப் பின்னால் கலப்பையின் மேல்கம்பியை மாட்டுகிற கொக்கி. வயலில் எதை இழுத்தாலும் கீழேதான் மாட்டுவார்கள். கடற்கரையில் அப்படி மாட்டினால் கயிறு ஈர மணலுக்குள் புதையும். வள்ளத்தின் முன்தலையான அணியமும் மூக்கைக் குத்திக்கொண்டு மணலில் இறங்கும். மேல்கொக்கியில் மாட்டினால் கயிறு மேல்நோக்கி இழுக்க அணியம் லேசாகத் தூக்கிக்கொடுக்கும், வள்ளம் வழுக்கிக்கொண்டு ஏறும். ஆகவே அந்தக் கரையில் எல்லோரும் மேலேதான் மாட்டினார்கள். பாரம் அதிகமாகிப் பின்சக்கரம் மணலில் பிடித்துக்கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். அப்போது ஓட்டுகிறவன் கிளட்சை மிதித்து இறக்குவான். குதிரை எழும்புது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

போன ஆனி மாதம் குதிரை எழும்பியது, இறங்கவில்லை. அன்று காற்று பலம். ஜேசுபாதத்தின் வள்ளம் பாதி தண்ணீரும் நனைந்த வலையுமாகக் கரை தட்டியது. ஜாய்சன் சீட்டில் இருந்தான். இனிகோ கயிற்று வளையத்தை மேல்கொக்கியில் மாட்டிவிட்டு, "எடுல" என்று கை காட்டினார். மீன் எடுக்கக் கூடையோடு நின்ற விஜிலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர் நிமிர்ந்து நின்றது, அப்படியே பின்பக்கமாக விழுந்தது. ஜாய்சன் பாதி குதித்திருந்தான். மீதிப் பாதியின் மேல் மட்காடு விழுந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் மூன்றாம் நாளே சொல்லிவிட்டார். விஜிலா அழுதாள், முகம் கழுவினாள், சிறுநீர்க் குழாயை எப்படி மாற்றுவது என்று நர்ஸிடம் கேட்டாள்.

இனிகோ வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். வந்து விசாரித்தவர்களிடமெல்லாம், "முன்பக்கம் லேசான வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, மணலுக்கு ஆகாது" என்றார். முதலில் மெதுவாகச் சொன்னார். நாளாக ஆகச் சத்தமாகச் சொன்னார். வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னவர்களிடம், அதை நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக மாற்றப்போவதாகச் சொன்னார். முன்பக்கம் கனத்த அச்சு வந்துவிட்டால் எழும்பவே எழும்பாது, முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றும், இனி தானே ஓட்டப்போவதாகவும் சொன்னார். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

விஜிலா ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "கயித்த கீழ மாட்டுனா என்ன?"

இனிகோ சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அன்று இரவும் சாப்பிடவில்லை. அவள் புரிந்துகொண்டாள். குற்றம் வண்டியுடையதாக இருக்கும்வரைதான் அந்த மனிதரால் மகனின் அறைக்குள் வந்து நிற்க முடியும். கயிற்றைக் கீழே இறக்கினால், மேலே மாட்டியது யார் என்ற கேள்வி வந்துவிடும்.

ஜாய்சனுக்கும் இது புரிந்திருந்தது. படுத்துக் கிடப்பவனுக்கு வீட்டில் எதுதான் தெரியாது. ஒருநாள் அவள் அவனைத் திருப்பிப் போட்டபோது, "அப்பாவே ஏறி உக்காரப் போறாவளாம்மா?" என்று கேட்டான்.

"அப்பிடித்தான் சொல்லுதாவ."

"அந்த முட்டிய வச்சுக்கிட்டு கிளட்ச மிதிச்சு எறக்கவா. நானே எறக்க முடியல." மெத்தைக்கு அடியில் கிடந்த பலகையை விரலால் தட்டினான். கட்டில் கம்பி தொய்ந்து முதுகு வளையாமலிருக்க ஆசாரியிடம் சொல்லிப் போட்ட தடித்த பலகை. "இது மாதிரி ஒண்ணு அணியத்துக்கு அடியில குடுத்தாப் போதும். கயித்த கீழ கட்டுனாலும் பொதையாது. எப்பிடியாவது கீழ எறக்க வையிம்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எப்பிடிச் சொல்ல?"

"அதான் தெரியல."

காசிலிங்கம் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து மெக்கானிக், வாய் ஓயாத ஆள். உடைந்த ஒரு டிராக்டரிலிருந்து முன் அச்சைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். முற்றத்தில் உடைமர நிழலில் வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, பழைய முன்பக்கத்தைக் கழற்றினார். கியர் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, அதிலிருந்து முன் அச்சுக்கு ஒரு நீளத் தண்டு ஓட வேண்டும். கேட்க எளிது. முதல் தடவை மாட்டி ஓட்டியபோது முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்ற, வண்டி தனக்குத்தானே மல்லுக்கு நின்று முக்கியது.

"அண்ணாச்சி, முன்னது பின்னதைவிட இம்மி வேகமாச் சுத்தணும், இது பிந்துது. டயர் அளவு பொருந்தல" என்றார் காசிலிங்கம். "ஒரே வீட்டுல ரெண்டு மருமவ மாதிரி இழுபறி. டயர மாத்தணும்."

"மாத்து. எது வேணுமோ செய்யி. எழும்பக் கூடாது, அவ்வளவுதான்."

மாலையில் கருப்புக் காபி குடிக்கும்போது காசிலிங்கம் ஜன்னல் வழியாக ஜாய்சனோடு வம்பளப்பார்.

"என்னல மாப்ள, உறங்குதியா?"

"நீரு போடுற சத்தத்துல பொணமே உறங்காது வேய். எனக்கும் ஒரு தண்டு போட்டு விடும். வண்டிக்கு பின்ன ரெண்டு இழுக்குது, முன்ன ரெண்டு இழுக்கல. எனக்கு முன்ன ரெண்டு இழுக்குது, பின்ன ரெண்டு இழுக்கல. ரெண்டு பேரையும் சேத்து முடுக்குனா ஒரு ஃபோர் வீல் தேறும்."

காசிலிங்கம் சிரிக்கவில்லை. டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுத் திரும்பவும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். குசினியில் நின்ற விஜிலாதான் சிரித்தாள். அவன் சொன்னால் சிரிக்க வேண்டும். அது அவளுக்கும் அவனுக்கும் உள்ள ஒப்பந்தம். இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. புண்ணைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் அவன் கேட்டால் அவள் உள்ளதை மட்டும் சொல்வாள்.

புது டயர்கள் வந்தன. ஆனி முடிகிற சமயம், ஒரு மதியம், வண்டி கடற்கரைக்கு இறங்கியது. பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. பக்கத்து வீட்டு இசபெல்லாவை ஜாய்சனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு விஜிலாவும் போனாள். ஜேசுபாதத்தின் வள்ளத்தைத்தான் முதலில் இழுக்க வேண்டும் என்று இனிகோ பிடிவாதமாக இருந்தார். ஜேசுபாதத்தின் ஆட்கள் வழக்கம்போலக் கயிற்றை மேல்கொக்கியில் போட்டார்கள். இனிகோ திரும்பிப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

விஜிலா வள்ளத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் போய் மணலில் குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தையே பார்த்தாள். எஞ்சின் உறுமியது. நாலு சக்கரமும் மணலைக் கவ்வின. வள்ளம் ஒரே மூச்சில் மேடேறியது. ஆட்கள் கை தட்டினார்கள். ஆனால் மேட்டு விளிம்பில் பாரம் இறுகிய அந்த நொடியில், அத்தனை கனத்த முன் அச்சும் மணலை விட்டு ஒரு சாண் எழும்பி, தொம்மென்று இறங்கியது. வள்ளத்தைப் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்தவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

இனிகோ வீட்டுக்குள் வந்தபோது ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கட்டில் ஓரமாய் நின்றார்.

"ஏலே ஜாய்சா, பூ மாதிரி ஏறிட்டு."

"முன்சக்கரம்?"

"மண்ண விட்டு அசையலலே."

அவர் குளிக்கப் போனார். ஜாய்சன் அம்மாவைப் பார்த்தான். அவள் சிறுநீர்ப் பையைக் காலி செய்துகொண்டிருந்தாள். நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை, கலங்கலாக இருந்தது.

"எழும்புச்சாம்மா?"

"ஒரு சாண்."

"கயிறு?"

"மேலதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிர் நடுக்கம், ஆஸ்பத்திரி, ஊசிகள். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், ஆனால் பலன் சொல்ல முடியாது என்றார்கள். ஜாய்சன் தெளிவாக இருந்த ஒரு நேரத்தில், வீட்டுக்குப் போகலாம் என்றான். விஜிலா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் டாக்டர்களின் முகத்தைப் படிக்க அவள் கற்றிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டாள். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார்.

சாமியார் போன பிறகு ஜாய்சன் அப்பாவைக் கூப்பிட்டான். இனிகோ கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். தலைமாட்டுக்கு அவர் ஒரு வருஷமாகவே போனதில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லாம வச்சிருக்கேன்."

"எதுக்குல இப்ப. உறங்கு."

"அன்னைக்கு நீங்க கயித்த கீழதான் மாட்டியிருந்திய. நான்தான் எறங்கி வந்து கழத்தி மேல போட்டேன். அணியம் பொதையுமேன்னு. உங்ககிட்ட சொல்லாமச் செஞ்சிட்டேன்."

விஜிலா துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அன்று சீட்டை விட்டு இறங்கவே இல்லை. இனிகோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கூடையோடு எங்கே நின்றாள் என்று அவருக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துண்டை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"ரொம்பப் பேசாத" என்றாள் மகனிடம்.

"முடிச்சிருதேன். தப்பு என்னோடதுப்பா. இனிமே யாரு போட்டாலும் நீங்க கீழ எறக்கிக் கட்டணும். வண்டிய நல்லா மாத்தியிருக்கிய. கயித்தயும் மாத்திருங்க."

இனிகோ மகனின் பாதத்தைக் கையில் பிடித்திருந்தார். அங்கே அவனுக்கு உணர்ச்சி கிடையாது. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அவரும் கையை எடுக்கவில்லை. "சரிலே" என்றார். எழுந்து, முட்டியை இழுத்துக்கொண்டு, தலைமாட்டுக்கு வந்து அமர்ந்தார்.

மறுநாள் மத்தியானம் ஜாய்சன் இறந்தான். மூச்சின் இடைவெளிகள் நீண்டுகொண்டே போனதை விஜிலா கவனித்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொடுத்தாள். மூச்சு நின்றதும் அவன் கண்ணை மூடிவிட்டாள், குழாயை எடுத்தாள், புண்ணுக்கு மருந்து வைத்துக் கடைசியாக ஒருமுறை துணி மாற்றினாள். இசபெல்லா, "ஏளா, இனி எதுக்கு இது" என்று அழுதாள். "நாத்தமில்லாம போகட்டும்" என்றாள் விஜிலா. கோயிலில் துக்க மணி அடித்தது. ஊர் வழக்கப்படி அடக்கம் முடியும்வரை எந்த வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிப்போனவர்களில் ஜேசுபாதம் முன்னால் நின்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு இனிகோ வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, அவன் பொய் சொன்னான்."

"ஆமா."

"நான் மேல மாட்டுனத நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன. அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா தெனமும் அவன் மொகத்துல எப்பிடி முழிப்பிய."

"முந்தாநேத்து அவன் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அவன் கஷ்டப்பட்டுக் குடுத்தத நான் தட்டிவிடவா?"

இனிகோ சுவரில் முதுகைச் சாய்த்து வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு வருஷத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. விஜிலா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவள் தலை கட்டில் பக்கம் திரும்பியது. திருப்பிப் போட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

மறுநாள் காலை அவள் அறையைக் காலி செய்தாள். மெத்தையை எரிக்க எடுத்துவைத்தாள். மிச்சமிருந்த பஞ்சையும் மருந்தையும் ஊரில் படுத்துக் கிடக்கும் இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பினாள். கட்டில் பலகையை முற்றத்துக்குத் தூக்கிவந்து டெட்டால் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அது காய்வதற்குள் கடலில் வள்ளங்கள் திரும்புவது தெரிந்தது. இனிகோ வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவள் பலகையின் ஒரு முனையைத் தலையில் தாங்கி, மறுமுனை மணலில் கோடிழுக்கப் பின்னால் போனாள்.

முதல் வள்ளம் கரை தட்டியது. ஜேசுபாதத்தின் ஆள் ஒருவன் கயிற்று வளையத்தை மேல்கொக்கியில் எறிந்து மாட்டினான். இனிகோ எஞ்சினை ஓடவிட்டபடியே சீட்டிலிருந்து இறங்கினார். அந்த முட்டியோடு இறங்க நேரமாயிற்று. வளையத்தைக் கழற்றினார். குனிந்து, கீழ்க்கட்டையில் மாட்டி, கழலாமலிருக்க இரும்பு முள்ளைச் செருகினார்.

"பொதையும் இனிகோ" என்றார் ஜேசுபாதம்.

"பலகை இருக்கு."

விஜிலா அணியத்துக்கு முன்னால் பலகையைப் போட்டாள். இரண்டு பேர் வள்ளத்தின் மூக்கைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். இனிகோ மறுபடி ஏறி உட்கார்ந்தார். விஜிலா பக்கவாட்டில் போய்க் குந்தி, முன்சக்கரத்தைப் பார்த்தாள். கயிறு விறைத்தது. வள்ளம் மெதுவாக, முன்பைவிட மெதுவாக, பலகையோடு சேர்ந்து நகர்ந்தது. மேட்டு விளிம்பில் பாரம் இறுகியபோது முன்சக்கரம் மணலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. எழும்பவில்லை.

சீட்டிலிருந்து இனிகோ அவளைத் திரும்பிப் பார்த்தார். எழும்பவில்லை என்று அவள் தலையசைத்தாள்.

மூன்றாவது வள்ளத்தில் பலகை நடுவில் பிளந்தது. ஜேசுபாதம் தன் வீட்டிலிருந்து வேறொன்று எடுத்துவர ஆள் அனுப்பினார். அதுவரை இனிகோ எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். விஜிலா பிளந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து அடுப்புக்கு ஆகும் என்று ஓரமாகச் சாத்தி வைத்தாள்.